கார் சாவியின் பேட்டரியை நாமே மாற்றுவது எப்படி?

காலையில் வேலைக்குப் புறப்படும் நேரம். சாவியின் பட்டனை அழுத்துகிறீர்கள். கார் கதவு திறக்கவில்லை. பக்கத்தில் போய் இரண்டு மூன்று முறை அழுத்திய பிறகே திறக்கிறது. பெரும்பாலும் இது காரின் கோளாறு அல்ல. சாவிக்குள் இருக்கும் வட்டமான சிறு பேட்டரி தீரப்போகிறது என்பதற்கான அடையாளம். சில ரிங்கிட் செலவில், பத்து நிமிடத்தில் இதை வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

முதலில் உறுதி செய்யுங்கள்

வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியை அழுத்திப் பாருங்கள். அது வேலை செய்தால் பழுது முதல் சாவியில்தான். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் காரின் பெரிய பேட்டரியைச் சோதிக்க வேண்டும். ஒரே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், பட்டன் தேய்ந்திருக்கலாம்.

எந்த பேட்டரி வாங்குவது?

பழைய பேட்டரியின் மேல் எண் அச்சிடப்பட்டிருக்கும். கார் கையேட்டிலும் பார்க்கலாம். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். சிஆர்2025 அதே அகலம்தான்; ஆனால் கனம் 2.5 மில்லிமீட்டர். சிஆர்1632, சிஆர்1620 ஆகியவை 16 மில்லிமீட்டர் அகலமுள்ளவை. எல்லாமே 3 வோல்ட் என்பதால் எதைப் போட்டாலும் சரி என்று எண்ண வேண்டாம். கனம் குறைந்தால் உள்ளே ஆடும். சாவி ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது.

மாற்றும் முறை

1. மேசையில் துணி விரித்து உட்காருங்கள். ஸ்மார்ட் சாவியாக இருந்தால், பக்கத்தில் உள்ள சிறு பொத்தானைத் தள்ளி உள்ளிருக்கும் இரும்புச் சாவியை உருவுங்கள்.

2. மூடியின் விளிம்பில் சிறு பள்ளம் இருக்கும். தட்டைத் திருப்புளியின் முனையில் துணி சுற்றி, அங்கே வைத்து மெதுவாகத் திருகுங்கள். சில சாவிகளில் சிறு திருகாணி இருக்கும். அதை முதலில் கழற்றுங்கள்.

3. பேட்டரியை எடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்பது பிறகு மறந்துவிடும்.

4. பழையதை நெம்பி எடுங்கள். உள்ளிருக்கும் உலோகத் தகடுகளை வளைக்காதீர்கள்.

5. புதியதை உலர்ந்த துணியால் துடைத்து, விளிம்பைப் பிடித்து அதே பக்கமாக வையுங்கள்.

6. ரப்பர் வளையம் இருந்தால் அதன் இடத்தில் பொருத்தி, 'டக்' என்று சத்தம் வரும்வரை மூடியை அழுத்துங்கள்.

அதன் பிறகும் வேலை செய்யாவிட்டால், பேட்டரி தலைகீழாக இருக்கிறதா, எண் சரியா என்று பாருங்கள். பெரும்பாலான சாவிகளுக்கு மறுபதிவு தேவையில்லை. தேவைப்படும் சிலவற்றுக்குக் கையேட்டில் வழி சொல்லப்பட்டிருக்கும்.

வழியில் தீர்ந்துவிட்டால்

பதற்றம் வேண்டாம். இரும்புச் சாவியால் கதவைத் திறக்கலாம். அலாரம் அடித்தாலும், இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பொதுவாக நின்றுவிடும். பட்டன் ஸ்டார்ட் கார்களில், பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். சில கார்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் வேறாக இருக்கும். கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது. திருகி ஸ்டார்ட் செய்யும் சாவியில் உள்ள திருட்டுத் தடுப்புச் சில்லுக்குப் பேட்டரி தேவையில்லை. கார் வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும்.

ஸ்மார்ட் சாவியைத் தொலைக்காட்சி, கணினி, வயர்லெஸ் சார்ஜர் அருகே வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில்

வேலை எளிது, ஆபத்து பெரிது. இந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். எச்சிலோடு சேரும் மின்னோட்டம் சதையை அரிக்கிறது. சாவிக்குப் போதாத பழைய பேட்டரிக்கும் அந்தச் சக்தி உண்டு. எனவே பழையதை மேசையில் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்.

குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். இருமல், எச்சில் வடிதல் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 999ஐ அழையுங்கள். பேட்டரியின் அட்டையையும் கொண்டு போங்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

பழைய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். வீட்டுக்குப் பின்னால் குப்பை எரிக்கும்போது அதில் போட்டுவிடாதீர்கள். லித்தியம் பேட்டரி நெருப்பில் வெடிக்கக்கூடும்.