சௌமியமூர்த்தி தொண்டமான்

சௌமியமூர்த்தி தொண்டமான் (30 ஆகஸ்ட் 1913 – 30 அக்டோபர் 1999) இலங்கை மலையகத் தமிழரின் தொழிற்சங்கத் தலைவர். 1978 முதல் இறக்கும் வரை நான்கு ஜனாதிபதிகளின் ஆட்சியில் அமைச்சராக இருந்தவர்.

பிறந்த ஊர், இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனப்புதூர். இவருடைய தந்தை கருப்பையா தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து, பின்னர் றம்பொடைப் பகுதியில் வேவண்டன் தோட்டத்துக்கே உரிமையாளரானவர். தோட்ட முதலாளியின் மகன் தொழிலாளர் தலைவரானதை எதிராளிகள் கடைசிவரை குத்திக்காட்டினார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்தவர்களோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1939-இல் நேரு இலங்கை வந்தபோது உருவான இலங்கை இந்தியன் காங்கிரசில் சேர்ந்தார். அதுவே பிற்கால இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். 1947 தேர்தலில் அக்கட்சி ஏழு இடங்களை வென்றது. தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். மறு ஆண்டே மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. வாக்காளர்களே இல்லாத தலைவராக 1952-இல் கொழும்பில் சத்தியாகிரகம் நடத்தினார். 1960-இலும் 1965-இலும் நியமன உறுப்பினராகவே நாடாளுமன்றம் சென்றார்.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை என்பதே தொண்டமானின் எதிர்ப்பு. அது எடுபடவில்லை. கப்பலேறி வந்தவர்களில் பெருந்தொகையினர் நீலகிரிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றைய டான்டீ அதுதான். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், மஞ்சூர்ப் பக்கங்களில் 'சிலோன்காரர்' என்றழைக்கப்படும் குடும்பங்களின் கதை, இந்த ஒப்பந்தத்தைச் சொல்லாமல் தொடங்காது.

1972-இல் இலங்கைத் தமிழ்த் தலைவர்களான செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோருடன் தமிழர் கூட்டணியின் கூட்டுத்தலைவரானார். ஆனால் 1976-இல் தமிழருக்குத் தனிநாடு (ஈழம்) கேட்கும் தீர்மானம் வந்தபோது விலகி நின்றார். சிங்களக் கிராமங்கள் சூழ வாழும் மலையகத்தாருக்கு ஈழம் எந்த விதத்திலும் விடையாகாது என்பது அவர் கணக்கு. 1983-இல் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தின் பின்னும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

1977-இல் நுவரெலியா–மஸ்கெலியாவில் வென்று, அடுத்த ஆண்டு ஜனாதிபதி ஜெயவர்தனாவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அமைச்சராக இருந்துகொண்டே 1984-இல் தோட்ட வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் அதில் கிடைத்தது. 1986-இல் குடியுரிமை கேட்டு, வேலைநிறுத்தம் என்று சொல்லாமல், காலையில் பிரார்த்தனை என்று தொழிலாளர்களை உட்காரவைத்தார். அரசு இறங்கிவந்தது. 1986, 1988 சட்டங்களால் நாடற்றவர் பலர் குடிமக்களாயினர்.

பதவிக்காக எல்லா அரசுகளோடும் ஒட்டிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. லயத்து வாழ்க்கை அவர் காலத்தில் பெரிதாக மாறவில்லை. சங்கமும் குடும்பச் சொத்துப்போல் பேரன் ஆறுமுகத்திடம் போயிற்று. ஆயினும் பறிபோன வாக்குரிமையை ஒரு துப்பாக்கியும் இல்லாமல் மீட்டவர் என்ற பெயரை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியாது. எஞ்சியிருந்த நாடற்றவருக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல், அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து நிறைவேறியது.