படைவீரரின் குடலிலிருந்து வந்த பாக்டீரியா

முதல் உலகப் போரின்போது ருமேனியா, பல்கேரியா நாடுகளில் பரவியுள்ள தொப்ரூஜா வட்டாரத்தில் முகாமிட்டிருந்த ஜெர்மானியப் படையினரைச் சீதபேதி வாட்டியெடுத்தது. அவர்களில் ஒருவரை அது அண்டவில்லை. 1917இல் ஃபிரைபுர்க் அருகே ராணுவ மருத்துவமனை ஒன்றில் அவருடைய மலத்தைப் பரிசோதித்த மருத்துவர் ஆல்ஃப்ரெட் நிஸ்லே, அதிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் ‘ஈ.கோலை நிஸ்லே 1917’.

நிஸ்லே அப்படியொரு பாக்டீரியாவைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். பலருடைய மலத்திலிருந்து எடுத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை டைபாய்டு கிருமியோடு கலந்து வளர்ப்பது அவருடைய சோதனை முறை. சிலருடைய ஈ.கோலை டைபாய்டு கிருமியைத் தலையெடுக்கவே விடவில்லை. வேறு சிலருடையது எதுவும் செய்யாமல் கூடவே வளர்ந்தது. இனம் ஒன்றுதான், ஆற்றல் ரகத்துக்கு ரகம் மாறியது. ரகத்தைச் சொல்லாமல் பாக்டீரியா இனத்தின் பெயரை மட்டும் அச்சிட்டு விற்கும் புரோபயாடிக் பொருள்களை இன்றும் கடைகளில் பார்க்கிறோம். நூறாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்ட உண்மையை வாங்குபவரிடம் மறைப்பது சரியல்ல.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. படைவீரரிடமிருந்து எடுத்த அந்த பாக்டீரியா ஜெலட்டின் உறைக்குள் அடைக்கப்பட்டு ‘முட்டாஃப்ளோர்’ என்ற பெயரில் டான்சிக் பகுதியில் மருந்தாகத் தயாரானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டான்சிக் போலந்துக்குப் போய்விட்டது. பிற்காலத்தில் ஜெர்மனியின் ஹெர்டெக்கே நகர நிறுவனம் ஒன்று தயாரிப்பை ஏற்றுக்கொண்டது. பெருங்குடல் புண் நோய் தணிந்தபின் மறுபடி வராமல் காப்பதில் இது வழக்கமாகத் தரப்படும் மெசலசின் மருந்துக்கு ஈடாக நிற்கிறது என்று 2004இல் வெளியான, 327 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வு காட்டியது.

ஆனால் உணவோடு வரும் கிருமிகளை இது எப்படி எதிர்க்கிறது என்பது வெகுகாலம் புரியாமலே இருந்தது. 2013இல் கலிபோர்னியாவில் மானுவேலா ரஃபடேல்லுவின் குழு எலிகளில் ஒரு விடையைக் கண்டது. உணவோடு வரும் சால்மோனெல்லா என்ற கிருமி குடலில் அழற்சியை மூட்டுகிறது. அப்போது கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காதபடி உடல் அதைப் பூட்டிவைக்கிறது. அந்தத் தட்டுப்பாட்டிலும் இரும்பைக் கவர்ந்துகொள்ளும் திறமைதான் சால்மோனெல்லாவின் பலம். நிஸ்லே பாக்டீரியாவிடம் இரும்பைப் பற்றி இழுக்கும் மூலக்கூறுகள் ஒன்றல்ல, பல உண்டு. அது முந்திக்கொண்டு இரும்பை எடுத்துவிட, சால்மோனெல்லா குறைந்தது. இரும்பை உள்வாங்க முடியாதபடி மாற்றிய நிஸ்லேயைக் கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. காரணம் எது என்பதைச் சந்தேகமின்றிக் காட்டிய அழகான சோதனை இது. இரும்பு குறையும்போது நிஸ்லே ‘மைக்ரோசின்’ என்னும் சிறு புரதங்களையும் சுரந்து போட்டியாளர்களைக் கொல்கிறது என்பதை அதே குழு 2016இல் வெளியிட்டது.

இதற்கிடையில் கவலை தரும் செய்தியும் வந்தது. சில ஈ.கோலை ரகங்கள் ‘கோலிபாக்டின்’ என்ற நச்சால் நம் செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகின்றன என்று 2006இல் தெரியவந்தது. அந்த நச்சுக்கான மரபணுத் தொகுதி நிஸ்லேயிடமும் இருக்கிறது. 2020இல், இந்த நச்சு விட்டுச்செல்லும் தடயம் சிலருடைய பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளிலும் காணப்பட்டது. நிஸ்லே மருந்தால் யாருக்கும் புற்றுநோய் வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனாலும் நெடுங்காலம் விழுங்கச் சொல்லும் ஒன்றைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

நச்சுக்கான மரபணுக்களை நீக்கிவிட்டால் போதாதா? அங்கேதான் சிக்கல். நச்சின் உருவாக்கத்தை நிறைவுசெய்யும் கிளெப்-பி என்ற புரதமே மைக்ரோசின் உருவாகவும் தேவைப்படுகிறது. அதை அடியோடு நீக்கினால் நச்சோடு காவலும் போய்விடுகிறது. பிரான்சின் துலூஸ் ஆய்வாளர்கள் 2019இல் வேறு வழி கண்டார்கள். புரதத்தை விட்டுவைத்து, நச்சைச் செயல்பட வைக்கும் அதன் வெட்டும் பகுதியை மட்டும் முடக்கினார்கள். அந்த ரகம் டிஎன்ஏவைச் சேதப்படுத்தவில்லை. சால்மோனெல்லாவை எதிர்க்கும் ஆற்றலையும் இழக்கவில்லை. இந்த மாற்று ரகம் மனிதர்களிடமும் அப்படியே நடந்துகொள்ளுமா என்பதை மனிதர்களிடம்தான் சோதித்தறிய வேண்டும்.