ஸ்பிளிட் ஏசி நிறுவுதல்

ஸ்பிளிட் ஏசி என்பது அறைக்குள் ஓர் அலகும் வெளிச்சுவரில் ஓர் அலகுமாகப் பிரிந்து, இரண்டு செப்புக் குழாய்களாலும் ஒரு மின்கம்பியாலும் இணைக்கப்படும் அறைக் குளிரூட்டி. பெரிய கட்டடங்களில் உள்ளது போன்ற தகரக் காற்றுக்குழாய்கள் இதற்குத் தேவையில்லை. உள் அலகில் குளிர்ச்சுருளும் விசிறியும் இருக்கும். வெளி அலகில் கம்ப்ரசரும் வெப்பத்தை வெளியேற்றும் சுருளும் இருக்கும். குளிர்பதனப் பொருளான கேஸ் ஓடும் திசையை மாற்றும் நான்குவழி வால்வு சேர்ந்தால் இதே கருவி குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும். அவ்வகை வெப்பப் பம்பு எனப்படும்.

ஜன்னல் ஏசி ஆலையிலேயே கேஸ் நிரப்பி, மூடி, சோதித்து அனுப்பப்படுகிறது. ஸ்பிளிட் வகையில் கேஸ் ஓடும் சுற்று வீட்டுச் சுவரில்தான் முழுமை பெறுகிறது. குழாயை விரித்து நட்டு முடுக்குபவர் ஆலைத் தொழிலாளியின் கடைசி வேலையைச் செய்கிறார். ஆலையில் உள்ள சோதனைக் கருவிகள் பெரும்பாலும் அவரிடம் இருப்பதில்லை. இவ்வகை ஏசியில் நேரும் விபத்துகளும் பழுதுகளும் பெரும்பாலும் இங்கே தொடங்குகின்றன.

வரலாறு

இயந்திரக் குளிருக்கு முன்பு பனிக்கட்டி வணிகம் இருந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் 1833இல் 'டஸ்கனி' என்னும் கப்பலில் 180 டன் ஏரிப் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் கரைந்தது போகச் சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் இதே வணிகத்துக்காக 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஏசியின் திறனை டன்னில் அளப்பது அந்தக் காலத்தின் எச்சம். அமெரிக்க அளவில் ஒரு டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதுவே ஒரு டன் திறன். மணிக்கு 12,000 பிடியு என்றும், சுமார் 3.5 கிலோவாட் என்றும் இதனைக் குறிப்பர்.

ஆவியை அமுக்கி, குளிர்வித்து, மீண்டும் விரியவிட்டுக் குளிர் உண்டாக்கும் முறைக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். அவர் ஈதரைப் பயன்படுத்தினார். 1850களில் ஆஸ்திரேலியாவின் ஜீலாங்கில் ஜேம்ஸ் ஹாரிசன் இதே வழியில் பனிக்கட்டி செய்து விற்றார். குளிர்விக்கும் இயந்திரத்தைத் திருப்பி இயக்கினால் கட்டடத்தைச் சூடாக்கலாம், அதற்கு எரிபொருளை நேரே எரிப்பதைவிடக் குறைந்த ஆற்றலே செலவாகும் என்று 1852இல் காட்டியவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு என அறியப்பட்டவர். அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் எபென்சே உப்பாலையில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் இக்கருத்தைச் செயலில் சோதித்தார். சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938இல் அமைந்த வெப்பப் பம்பு அருகில் ஓடும் லிம்மாட் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்தது.

காற்றுப் பதனத்தின் தொடக்கமாக 1902ஆம் ஆண்டைக் கொள்வதே முறை. புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் தாள் விரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகும் வண்ணங்கள் விலகிப்போயின. அதைத் தடுக்க வில்லிஸ் கேரியர் வரைந்த அமைப்பில்தான் வெப்பமும் ஈரப்பதமும் ஒருசேரக் கட்டுப்பட்டன. மனிதர் சொகுசு அப்போது கணக்கிலேயே இல்லை.

அக்காலக் குளிர்பதனப் பொருள்களுள் பெரும்பாலானவை ஆபத்தானவை. அம்மோனியாவும் சல்ஃபர் டை ஆக்சைடும் நச்சு. மெத்தில் குளோரைடு நச்சாகவும் எரிவதாகவும் இருந்தது. 1920களில் வீட்டுக் குளிர்பெட்டிகள் கசிந்து குடும்பங்கள் தூக்கத்திலேயே இறந்தன. பெர்லினில் நடந்த அப்படி ஒரு சாவுச் செய்திதான் ஐன்ஸ்டைனையும் லியோ சிலார்டையும் அசையும் பாகமற்ற குளிர்பெட்டி ஒன்றை வடிவமைக்கத் தூண்டியது. அது சந்தைக்கு வரவில்லை. 1928இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் குளோரோஃபுளூரோகார்பன் சேர்மத்துக்கு வழிகண்டனர். 1930இல் அமெரிக்க வேதியியல் கழகக் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அதை அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீயும் இல்லை என்பது நிரூபணமாயிற்று. அதன் உறவினமான ஆர்-22 வந்து அறைக் குளிரூட்டிகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்தது.

இந்த நீண்ட பாதுகாப்புக் காலம்தான் தொழிலின் பழக்கவழக்கங்களை உருவாக்கியது. ஆர்-22 காலத்து மெக்கானிக் கேஸைக் காற்றில் திறந்துவிட்டாலும், கசிவிருக்கும் அறையில் பற்றவைப்பு விளக்கைக் கொளுத்தினாலும் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டார். ஓசோன் படலம் கெடுவதைத் தொடர்ந்து 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் அக்காலத்தை முடித்துவைத்தது. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும். மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 2016ஆம் ஆண்டுக் கிகாலி திருத்தம் அதையும் குறைக்கச் சொல்கிறது. இப்போது இந்தியச் சந்தையில் முன்னிற்பது ஆர்-32 (675 மடங்கு). சில அலகுகளில் புரொப்பேன் ஆன ஆர்-290 (சுமார் 3 மடங்கு). முன்னது மெதுவாக எரிவது. பின்னது சமையல் எரிவாயுவின் இனம். மிட்ஜ்லி ஊதி அணைத்த தீ, தொண்ணூறு ஆண்டு கழித்துக் குழாய்க்குள் திரும்பிவிட்டது. பழைய பழக்கங்கள் மட்டும் மாறவில்லை.

உள், வெளி எனப் பிரித்த கருவி ஜப்பானில் வளர்ந்தது. சிறிய வீடுகளுக்குக் கம்ப்ரசரின் இரைச்சல் வெளியே போவது பெரும் வசதி. தோஷிபா 1961இல் இவ்வகையை அங்கே அறிமுகம் செய்தது. மிட்சுபிஷி எலெக்ட்ரிக் 1968இல் சுவரில் மாட்டும் நீள்வடிவ உள் அலகைக் கொண்டுவந்தது. கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வீட்டு ஏசியில் 1981இல் தோஷிபாவிடமிருந்து வந்தது.

இடம் தேர்தல்

உள் அலகு தரையிலிருந்து ஏழு, எட்டடி உயரத்தில், மேலே சுமார் 15 செ.மீ. இடைவெளி விட்டு மாட்டப்படும். தாங்குதகடு நீர்மட்டத்தில் நிற்க வேண்டும். வடிநீர்ப் பக்கம் சற்றே தாழ்ந்தால் குற்றமில்லை. குழாய்க்கான துளை வெளிப்புறம் நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். துளையிடும் முன் சுவருக்குள் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் போகும் வழியைக் கேட்டறிவது முதல் வேலை.

வெளி அலகு 25 முதல் 40 கிலோ வரை எடையுள்ளது, ஓயாமல் அதிர்வது. செங்கல் சுவருக்கு ஏற்ற போல்ட், எடை குறைந்த நுரைக்கல் சுவரில் நிலைக்காது. அங்கே சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து முடுக்குவதே சரி. மாடிச் சுவரில் தொங்கி வேலை செய்பவருக்கு முழு உடல் பட்டையும், அதைக் கட்டத் தனியே உறுதியான பிடிமானமும் வேண்டும். ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளும் உதவியாளும் அதற்கு மாற்றாகா. கேஸ், மின்சாரம் எல்லாவற்றையும் விட, உயரத்திலிருந்து விழுவதே இத்தொழிலின் முதல் அபாயமாகக் கொள்ளத்தக்கது.

அடுக்குமாடிகளில் காற்றுக்கிணறு எனப்படும் குறுகிய சந்தில் பத்துப் பன்னிரண்டு வெளி அலகுகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டுகின்றனர். கீழ் அலகு ஊதும் சூட்டை மேல் அலகு இழுக்கிறது. மே மாதத்தில் மேல்மாடிக்காரர் ஏசி அணைந்து அணைந்து வருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. முன்புறம் குறைந்தது இரண்டடியாவது திறந்திருக்க வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்று அலுமினியத் துடுப்புகளை அரிக்கும். செப்புச் சுருளா அலுமினியச் சுருளா என்ற கேள்விக்கு, பழுது பார்க்க எளிது என்பதால் செப்பே சிறந்தது.

மின் இணைப்பு

ஒன்றரை டன் ஏசி 230 வோல்ட்டில் ஏழெட்டு ஆம்பியர் வரை மணிக்கணக்கில் இழுக்கும். ஆகவே பிரதான மின்பெட்டியிலிருந்து தனிச் சுற்று, 4 ச.மி.மீ. செப்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் கசிவில் விழும் ஆர்சிசிபி, முறையாக வேலை செய்யும் எர்த் ஆகியவை வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி அறவே கூடாது. உருகிக் கறுத்த பிளக் பலமுறை கண்ட காட்சி. தளர்ந்த முனையில் தடை கூடி வெப்பம் ஏறுவதே காரணம். இரு அலகுகளுக்கும் இடையே ஓடும் கம்பியில் நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு இருக்கக் கூடாது. எண்ணிட்ட முனைக்கு எண்ணிட்ட முனை சேர வேண்டும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் வெளி அலகின் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

குழாய், கசிவு, வெற்றிடம்

ஒன்றரை டன் அலகுக்குப் பொதுவாகக் கால் அங்குலத் திரவக் குழாயும் அரை அங்குல ஆவிக் குழாயும் வரும். ஆர்-22ஐ விட ஆர்-410ஏ, ஆர்-32 இரண்டும் ஏறத்தாழ 1.6 மடங்கு அழுத்தத்தில் ஓடுவதால் மெல்லிய பழைய குழாயை மறுபடி பயன்படுத்துவது தவறு. குழாயை வட்டக் கட்டரால் வெட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்பிசிறு நீக்கி, நட்டைக் கோத்த பிறகே முனையை விரிக்க வேண்டும். இரண்டு ஸ்பேனர் பிடித்து முடுக்குவது விதி. கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 49 முதல் 61 வரை. கைப்பழக்கத்தில் இறுக்குபவர் சிறிய நட்டை அதிகம் முடுக்கி விரிப்பைக் கிழித்துவிடுகிறார்.

கசிவுச் சோதனைக்கு உலர் நைட்ரஜன் மட்டுமே. ஆக்சிஜன் சிலிண்டரை இணைத்தால், கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்து வெடிக்கும். கையில் கிடைக்கிறதே என்று வெல்டிங் சிலிண்டரை மாட்டுவது இத்தொழிலின் மிகக் கொடிய தவறுகளுள் ஒன்று.

அடுத்து வெற்றிடமாக்கல். குழாய்க்குள் அடைபட்ட காற்று, அழுத்தத்தைக் கூட்டிக் கம்ப்ரசரைச் சூடாக்கும். அதிலுள்ள ஈரம் எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகிக் கம்பிச்சுற்றை அரிக்கும். வேக்குவம் பம்பால் 760,000 மைக்ரான் வளி அழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கினால், உள்ளே ஒட்டிய நீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். பம்பை நிறுத்திய பிறகு அளவு ஏறாமல் நின்றால் குழாய் உலர்ந்தது, கசிவும் இல்லை. முள் கேஜில் இந்த நுட்பம் தெரியாது. மைக்ரான் மீட்டர் வேண்டும்.

களத்தில் நடப்பது வேறு. திரவ வால்வைக் கொஞ்சம் திறந்து, ஆவிக் குழாயின் நட்டைத் தளர்த்தி, உஸ்ஸென்று கேஸால் காற்றைத் தள்ளிவிட்டு, இரண்டு நிமிடத்தில் வேலையை முடிக்கின்றனர். சிறிய அலகுக்கு இது போதும் என்பாரும் உளர். ஈரத்தை இம்முறை எடுப்பதில்லை. ஆர்-32இல் எரியும் வாயுவை வெளிவிடுகிறது. ஆர்-290இல் தற்கொலைக்கு ஒப்பானது.

அலகைக் கழற்றி வேறிடம் மாற்றும்போது கேஸை வெளி அலகுக்குள் திரும்ப இழுப்பர். அப்போது தளர்ந்த இணைப்பு வழியே காற்று புகுந்தால், கம்ப்ரசருக்குள் காற்றும் எண்ணெயும் அமுங்கி டீசல் எஞ்சினில் போலத் தானே பற்றி வெடிக்கும். நட்டைக் கழற்றும் முன் கம்ப்ரசரை நிறுத்துவது இதனால்தான்.

எவ்வளவு கேஸ் என்பது நிறுத்து அறிய வேண்டியது. ஆலையில் நிரப்பிய அளவு குறிப்பிட்ட குழாய் நீளத்துக்கே போதும். கூடுதல் மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது கையேட்டில் இருக்கும். பன்னாட்டுத் தரத்தின்படி ஆர்-32 குறிப்பிட்ட அளவுக்குள் இருந்தால் அறைப் பரப்புக்கு வரம்பில்லை. ஆர்-290க்கு அந்த எல்லை ஏறத்தாழ 150 கிராம். அதற்கு மேல் அறை பெரிதாக வேண்டும். ஒரு கேஸுக்கு என வடிவமைத்த அலகில் வேறு கேஸ் ஏற்றுவது தடைக்குரியது. மூடிய சுற்றில் கேஸ் தேயாது. ஆண்டுதோறும் 'கேஸ் டாப்-அப்' தேவைப்படும் ஏசியில் எங்கோ கசிவிருக்கிறது.

வடிநீர்

ஈரம் மிகுந்த நாளில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் நீர் வடியும். குழாய் இடையில் மேலெழாமல் தொடர்ந்து சரிய வேண்டும். அதன் முனையைச் சாக்கடைக்குள் செருகக் கூடாது.

வெப்பப் பம்பு

சூடாக்கும்போது வெளி அலகில்தான் நீர் வடியும், உறையும், இடையிடையே தானே உருகும். அதற்குரிய வடிகால் தேவை. பனி பெய்யும் நாடுகளில் அலகை உயர்ந்த தாங்கியில் வைப்பர். மிதமான குளிரில் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு அளவில் வெப்பம் தரும். இந்தியாவில் வட மாநிலங்களிலும் மலையூர்களிலும் விற்கிறது.

தற்போதைய நிலை

அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கேஸ் சுற்றைக் கையாளச் சான்றிதழ் கட்டாயம். இந்தியாவில் ஐடிஐகளில் இரண்டாண்டுப் பயிற்சி உண்டு. 2019இல் வெளியான தேசியக் குளிர்விப்புச் செயல்திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றும் அளிப்பதை இலக்காக வைத்தது. ஏசி வாங்குவோர், பொருத்த வருபவர் நைட்ரஜன், வேக்குவம் பம்பு, மைக்ரான் மீட்டர், எடைக்கருவி நான்கையும் கொண்டுவருவாரா என்று கடையிலேயே கேட்டு, ஏற்றிய கேஸின் பெயரையும் அளவையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.