புறவைரமும் கலச்சுவரும்

பனையை மரமென்பது உலக வழக்கு. தொல்காப்பிய மரபியலோ, வைரம் புறத்தே அமைந்தவற்றைப் புல்லென்றும் அகத்தே அமைந்தவற்றை மரமென்றும் பிரித்தது. ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலிய உறுப்புகளைப் புல்லின்பாற் படுத்தமையால் பனையும் புல்லாயிற்று.

அவ்வைரத்தின் உட்கூறுகளை ஐரோப்பிய இரசாயனவியல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராயத் தொடங்கியது. 1838இல் பிரான்சிய அறிஞர் பாயன், தாவரக் கலச்சுவர்களுக்குப் பொதுவான செலுலோசை வேறுபிரித்துக் காட்டினார். 1891இல் சுல்சே, ஐதான அமிலத்தில் எளிதிற் சிதையும் சுவர்க்கூறுகளுக்கு அரைச்செலுலோசு எனப் பெயரிட்டார். பனந்தண்டின் புறவோரத்தே நெருங்கிய நார்க்கட்டுகளின் தடித்த சுவர்களில் இவற்றோடு இலிக்னினும் செறிந்திருத்தலே அதன் வன்மைக்குக் காரணமாகும்.

ஆயினும், பனைக்கு உறவான தாவரங்கள் யாவை என்னும் ஐயம் நீடித்தது. 1980இல் ஹரிஸ், ஹாட்லி ஆகிய இருவரும் ஒருவித்திலைத் தாவரங்களின் கலச்சுவர்களை ஆராய்ந்தனர். சுவருடன் பிணைந்த பெரூலிக் அமிலம் புற ஊதாக் கதிரில் நீலமாக ஒளிரும். அவ்வொளி புற்களிலும் பனைகளிலும் தோன்றியது. தாழை, சேம்புக் குடும்பங்களில் தோன்றவில்லை. மறு ஆண்டிலேயே குரோன்குவிஸ்ட் பனை, தாழை, சேம்புக் குடும்பங்களை ஒரே உபவகுப்பில் நிறுத்தினார். 1998இல் மரபணுச் சான்றின் வழி அமைந்த வகைப்பாடோ கலச்சுவரின் சாட்சியையே உறுதிப்படுத்தியது.

இதனால் நம் முன்னோர் இரசாயனம் அறிந்திருந்தனர் எனப் பெருமைகொள்ளுதல் வரலாறாகாது. அவர்கள் கண்டது கோடரிக்குப் புலனாகும் வன்மை. பின்னோர் கண்டது நுணுக்குக்காட்டிக்குப் புலனாகும் அமிலம். இரு வழியும் பனையைப் புல்லின் அருகே கொண்டுசேர்த்தன; ஆயின் ஒன்று மற்றொன்றின் நிரூபணமன்று. பழைய அவதானத்தை மதித்து, அதன் எல்லையையும் உணர்வதே ஆய்வுநெறியாகும்.