தீப்புண்ணும் தேனும்: சோலாப்பூர் சொன்ன சாட்சி

பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைகள் உண்டு. கொப்பரையிலிருந்து ஒரு சொட்டுப் பாகு கையில் தெறித்தால் போதும், தோல் கொப்பளித்துவிடும். நான் அந்தப் பக்கம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் இட்லி மாவு என்பார், இன்னொருவர் பேனா மை என்பார். வயதானவர்கள், "கொல்லிமலைத் தேன் இருக்குதா, பாருங்க" என்பார்கள்.

இதில் தேனுக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்திய மருத்துவ ஏடான எட்வின் ஸ்மித் பாப்பிரஸ், காயத்துக்குத் தேன் வைத்துக் கட்டச் சொல்கிறது. 1940களில் பெனிசிலின் புழக்கத்துக்கு வந்தபின் தேன் 'பாட்டி வைத்தியம்' என்று ஒதுங்கிவிட்டது.

அதை மறுபடி ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் இருந்த அறுவை மருத்துவர் எம். சுப்ரமண்யம். சோலாப்பூரும் நம் சேலம் போல நெசவு ஊர்தான். தீப்புண் பட்ட 104 பேரில் பாதிப் பேருக்குத் தேனும், மறுபாதிக்கு அன்றைய வழக்கமான சில்வர் சல்ஃபடயசின் களிம்பும் வைத்துப் பார்த்தார். ஏழு நாளில் கிருமி நீங்கிய புண்கள் தேனில் 91 சதவீதம், களிம்பில் 7 சதவீதம். 1991-ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரி' இதைப் பிரசுரித்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இன்னொரு பெயரும் கண்ணில் பட்டது. பிரான்சின் லிமோஜ் நகர ஆஸ்பத்திரியில் பேராசிரியர் பெர்னார் தெகோத் 1984 முதல் அறுவைப் புண்களுக்குத் தேன் வைத்துக் கட்டினார். 2015-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, அதிக ஆழமில்லாத தீப்புண்கள் தேனில் நாலைந்து நாள் முன்னதாகவே ஆறுகின்றன என்றது.

காரணம் எளிது. தேனில் சர்க்கரை அதிகம், தண்ணீர் குறைவு. அது கிருமியிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். அதன் புளிப்பும் கிருமிக்கு ஆகாது. தேனீ சேர்த்த நொதி ஒன்று, புண்ணின் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக உண்டாக்கும்.

ஆனாலும், சுட்டவுடன் தேன் பாட்டிலைத் தேட வேண்டாம். முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். தேனெல்லாம் அதற்குப் பிறகுதான், அதுவும் சிறு காயத்துக்கு மட்டும். ஆஸ்பத்திரிகளில் வைப்பது கதிர்வீச்சால் கிருமி நீக்கிய தேன். கடைத்தேனில் சர்க்கரைப் பாகும் கலந்திருக்கலாம். முகத்தில் பட்டாலோ, புண் பெரிதாகவோ ஆழமாகவோ இருந்தாலோ, குழந்தைக்குச் சுட்டாலோ நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.

பாட்டி சொன்னது எல்லாமே சரி என்று இதற்கு அர்த்தமில்லை. மாவும் மையும் இன்றுவரை எந்தச் சோதனையிலும் தேறவில்லை. தேன் தேறியது, ஒருவர் 104 பேரை வைத்து எண்ணிப் பார்த்ததால்.