தொழில்நுட்பத் தகுதியும் ஏட்டுக்கல்வித் தகுதியும் (தமிழ்நாடு)

பத்தாம் வகுப்பில் தேறிய மாணவருக்குத் தமிழ்நாட்டில் பிரதானமாக மூன்று வழிகள் உண்டு: ஈராண்டு மேல்நிலைக் கல்வி (பிளஸ் டூ), மூவாண்டு பாலிடெக்னிக் டிப்ளமா, தொழிற்பிரிவுக்கு ஏற்ப ஓராண்டோ ஈராண்டோ நிகழும் ஐ.டி.ஐ. பயிற்சி. இவற்றுள் மேல்நிலைக் கல்வி, கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்பின் ஸ்தானத்தில் 1978-இல் வந்தது, ஐ.டி.ஐ. பயிற்சியோ 1950-இல் மத்திய சர்க்கார் வகுத்த கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் பிறந்தது, கோவை பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் 1939-இலேயே தோன்றிவிட்டது. ஆகவே, தொழிற்கல்வியைப் பிளஸ் டூவின் பிற்சேர்க்கை என எண்ணுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

இருவகைத் தகுதிக்கும் உள்ள மெய்யான பேதம், அறிவை எவ்விதம் நிரூபிக்கச் சொல்கின்றன என்பதிலேயே இருக்கிறது. பிளஸ் டூ இயற்பியலில் நூறு மதிப்பெண்ணில் எழுபது எழுத்துத் தேர்வுக்கும் இருபது செய்முறைக்கும் உரியவை. ஐ.டி.ஐ.யின் ஃபிட்டர் பிரிவு மாணவனோ, ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, சதுரமாக்கி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இடையே ஒளிக்கீற்று தெரியும் இடத்தை மீண்டும் ராவி, ஒன்றனுள் ஒன்று பொருந்தும் இரு பாகங்களை மில்லிமீட்டரின் சிறு பின்னம்கூடப் பிசகாமல் முடித்துக் காட்ட வேண்டும். அங்கே பாதி சரியான விடை என்று ஒன்று கிடையாது. இப்பயிற்சி புத்தியை வேண்டாதது என்ற அபிப்பிராயம் இன்னும் பல வீடுகளில் நிலவுவது வருந்தத்தக்கது.

இவ்விருவகைத் தகுதிகளையும் சமமெனக் கொள்ளும் விதிகள் இருந்தும், அவை இரு திசையிலும் ஒரே தன்மையாக இயங்குவதில்லை. ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பிளஸ் டூவுக்கு இணையெனக் கருதப்பட, மேல்நிலை வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதித் தேற வேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் பயின்ற பிளஸ் டூ மாணவரோ, பட்டறையில் ஒருநாள்கூட அரம் பிடியாதவராயினும், டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். சான்று காட்டும் பாரம் தொழில் கற்றவர் தோளிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது.

ஆயினும் மேற்படிப்புக்குச் செல்லும் பாதை அடைபட்டதன்று. டிப்ளமா பெற்றவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாமாதலால், பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றும் மூன்றுமாக ஆறாண்டில் பொறியியல் பட்டம் பெறுகிறார். பிளஸ் டூ வழியே வருபவருக்கும் இரண்டும் நான்குமாக அதே ஆறாண்டுகள்தாம். முதலாண்டுக் கணிதத்தைத் தாண்டி வந்து சேர்வதால் டிப்ளமா மாணவர் தொடக்கத்தில் சிரமப்படுவதுண்டு. ஐ.டி.ஐ.யில் ஈராண்டு பயின்று, டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டிலும் பிறகு பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலும் சேர்பவருக்கு ஏழாண்டுகள் ஆகின்றன. கூடுதலாகச் செலவான அந்த ஓராண்டுக்கு ஈடாக, பட்டத்துக்கு முன்பே பிழைப்புக்கு உதவும் இரண்டு சான்றிதழ்கள் அவர் கையில் இருக்கின்றன.