மட்டியும் பெருமரமும்: சிவகாசித் தீக்குச்சியின் இரு மரங்கள்

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியபின் சிவகாசியில் வேரூன்றிய தொழிலுக்கு, மழை குறைந்து வெயில் மிகுந்த கரிசல் பூமி பெருந்துணையாயிற்று. மருந்து முக்கிய குச்சிகள் அங்கே விரைவாக உலர்ந்தன. ஆனால் அதே வறட்சியால், குச்சி சீவத் தகுந்த மரம் செறிந்த காடு அவ்வட்டாரத்தில் இல்லை.

தீக்குச்சிக்கு எல்லா மரமும் உதவாது. மரம் மென்மையாகவும் வெளிர்நிறமாகவும், இழை நேராகவும் கணுவின்றியும் இருப்பதோடு, சுடரைக் குச்சியின் வழியே கொண்டுசெல்லும் மெழுகை உறிஞ்சவும் வேண்டும். ஈரம் காயாத உருளைக் கட்டையை எந்திரத்தில் சுழலவிட்டு, பாய்ச்சுருள் பிரிவதுபோல் மெல்லிய தகடாக உரித்து, அத்தகட்டை அடுக்கி நறுக்கிக் குச்சியாக்குகின்றனர். வெட்டிய கட்டை கிடப்பில் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துக் கறை ஏறிவிடும் என்பதால், மரம் விளையும் இடத்துக்கு அருகிலேயே குச்சியாக்கிக் காயவைத்து அனுப்புவது நல்லது. கேரளத்தில் குச்சிச் சீவல் ஆலைகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அந்த ஆலைகளுக்கு உகந்ததாக விளங்கிய மரங்களுள் முதன்மையானது மட்டி. அய்லாந்தஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இம்மரம் (அய்லாந்தஸ் டிரைஃபைசா) மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளுக்கு உரியது. பட்டையைக் கீறினால் வடியும் மட்டிப்பால் என்னும் பிசின் ஊதுவத்திக்கும் சாம்பிராணிப் புகைக்கும் பயன்படுகிறது. அதே பேரினத்தின் பெருமரமோ (அய்லாந்தஸ் எக்செல்சா) வறண்ட சமவெளியில் வளர்வது; ராஜஸ்தானத்தில் அதன் தழை ஆட்டுத் தீவனமாகிறது. இரண்டும் சிறகிலைகளைத் தாங்கி நிமிர்ந்து வளர்பவை. இரண்டின் கனியும் நடுவே ஒற்றை விதை கொண்டு, காற்றில் பறக்கும் மெல்லிய சிறகாக அமைந்தது. சிற்றிலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படும்: மட்டியின் ஓரம் பெரும்பாலும் வழுவழுப்பானது, பெருமரத்தின் ஓரமோ ஒழுங்கற்ற பெரிய பற்களை உடையது.

வறண்ட நிலத்துக்கு இயல்பாகப் பொருந்திய பெருமரம் மலைக்கு இப்பாலேயே இருக்க, சிவகாசி நெடுங்காலம் மலைக்கு அப்பாலிருந்து வரும் குச்சியைச் சார்ந்திருந்தது வருந்தத்தக்கது. காடு வெட்டத் தடைகள் இறுகி மரவிலை ஏறியபின்னரே தோட்டமாக மரம் வளர்க்கும் எண்ணம் வலுப்பெற்றது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பெருமரத்தைத் தீக்குச்சி மரமாக உழவர்களிடையே பரப்பியது. நட்ட இளமரத்தின் பக்கக்கிளைகளை உரிய பருவத்தில் கழித்தால்தான் கணுவற்ற கட்டை கிடைக்கும் என்பது இச்சாகுபடியின் முதற்பாடம். இரண்டாவது பாடம் புழுவைப் பற்றியது: இலைகளைப் பின்னித் தின்னும் அட்டேவா புழுவும், தழையை மொட்டையாக்கும் எலிக்மா புழுவும் மட்டி, பெருமரம் ஆகிய இரண்டையுமே தாக்குவதால், ஒன்றுக்குப் பதில் மற்றதை நட்டு அவற்றிலிருந்து தப்பிவிட முடியாது.